மூன்றாவது வால்வு

ரெய்யோ ஆம்பிளிஃபையரை என் மேசைமேல் வைத்தபோது
அதன் கைப்பிடியில் இன்னும் பனி இருந்தது.
தம்பெரே. ஜனவரி. மதியம் மூன்றரைக்கே தெருவிளக்கு.
"உள்ளே ஏதோ உருள்கிறது" என்றார்.
இதே வாக்கியத்தோடு அவர் வருவது
இது மூன்றாம் முறை.

பின்பலகையைக் கழற்றினேன்.
நான்கு வால்வுகள்
வௌவால்கள்போல் தலைகீழாய்த் தொங்கின.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக் காதோரம் ஆட்டினேன்.
முதலாவதில் ஒன்றுமில்லை.
இரண்டாவது, அடிக்கட்டையில் பசை விட்டிருக்கிறது,
அது வேறு சத்தம், ஆடும் பல்லின் சத்தம்.
மூன்றாவது
கிலுக் என்றது.

விளக்கில் காட்டினால் தெரிகிறது:
எள்ளில் பாதி.
கண்ணாடிச் சில்லோ மைக்காச் செதிலோ.
குழாயை உருக்கி மூடிய அன்று
யாரோ ஒருத்திக்குப் பசியாய் இருந்திருக்கும்,
கவனம் ஒரு நொடி சோற்றுக்குப் போயிருக்கும்.
அன்றிலிருந்து உள்ளேயே கிடக்கிறது,
மேலே தூசு படியக்கூட வழியில்லாமல்.

உலோகம் என்றால்தான் பயம்.
கம்பிச் சுருளுக்கும் தகட்டுக்கும் நடுவே விழுந்து பாலம் போட்டுவிடும்,
ஒரு நீல மின்னல், ஃப்யூஸ் போகும்,
சிலசமயம் ட்ரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு.
சோதனைப் பெட்டியில் செருகினேன்.
பென்சிலின் ரப்பர் முனையால் தட்டினேன், தட்டினேன்.
முள் அசையவில்லை.
"கேடில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்."
போன முறையும் இதையேதான் சொன்னேன்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு:
அந்தக் குழாய்க்குள் சத்தமே கிடையாது.
சத்தம் நடந்துபோக அங்கே காற்றில்லை.
துணுக்கு ஊமையாய்த்தான் விழுகிறது.
சுவர்தான் நம்மிடம் கோள் சொல்கிறது.

ஒரு திருகாணி உருண்டு தரையில் விழ
எடுக்கக் குனிந்தவர்
நிமிரவில்லை.
மேசைக் காலைப் பற்றிக்கொண்டு
புயலில் படகுக்காரர்போல் கண்ணை மூடியிருந்தார்.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"காதுக்குள் கல்" என்றார், வெகுநேரம் கழித்து.
"சுண்ணாம்புத் துகளாம்.
இருக்கிற இடத்தை விட்டு உதிர்ந்து
போகக்கூடாத வளையத்துக்குள் போய்விட்டதாம்.
படுக்கையில் புரண்டால் கூரை சுற்றுகிறது."
போன சனிக்கிழமை நடனக் கூடத்தில்
நாலு மணி நேர டாங்கோவையும்
முதுகை ஸ்பீக்கரில் முட்டுக்கொடுத்தே வாசித்தாராம்.
டிரம்ஸ் அடிக்கும் உர்ஹோவுக்குத் தெரியாது.
வீட்டில் ஹில்க்காவுக்கும்.

"டாக்டர் சின்னப் பெண்.
என் தலையை இரு கையாலும் பிடித்து
படக்கென்று கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள்,
இடப்பக்கம் அரை நிமிடம்.
பிறகு வலம். பிறகு உட்காரவைத்தாள்.
கல் ஒரு மூலைக்குப் போய்விடும், அங்கே கிடந்தால் தொந்தரவில்லை என்றாள்.
இரண்டு வாரம் கிடந்தது."

என் கையில் மூன்றாவது வால்வு.
பேசிக்கொண்டிருக்கும்போதே
அதைத் தலைகீழாய்ப் பிடித்து
இடமும் வலமும் சாய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலால் ஒரு சுண்டு.
துணுக்கு கண்ணாடியின் மூக்குநுனிக்கு இறங்கியது.
"தொங்குகிறவரைக்கும் இதற்கு இதுதான் பள்ளம்" என்றேன்.
"நீங்கள் வாசிக்கும்போது அசையாது.
பெட்டியைச் சாய்த்து பஸ்ஸில் ஏற்றுகிறீர்களே,
அப்போதுதான்."

"அப்படியென்றால் பஸ்மேல்தான் தப்பு" என்றார்.
சிரித்தோம் என்றுதான் நினைக்கிறேன்.

காசு வேண்டாம் என்றதற்கு
ஒரு காபிப் பொட்டலத்தை வைத்துவிட்டு
பெட்டியை எடுத்தார், நிறைகுடம் எடுப்பதுபோல்.
என் பட்டறை நிலவறையில்.
ஜன்னல் வழியே மனிதர்கள் முழங்கால்வரைதான்.
அவருடைய பூட்ஸ்கள் படியேறின,
மூன்றாம் படியில் நின்றன,
பனியில் ஒன்றையொன்று தேடிக்கொண்டன,
பிறகு ஏறின.