மூட்டைப்பூச்சிக்கு மூன்று புள்ளி

சனையா முப்பத்தெட்டாம் தெருவிலிருந்து
ராஸ் லஃபான் கேட் வரை
ஒன்றே முக்கால் மணி நேரம்.
பாதித் தூரம் தூக்கம்.
அல் கோர் நெருங்கும்போது ஏசி சொட்டத் தொடங்கி
யாராவது ஒருவன் பிடரியில் விழும்.
அவன்தான் அன்றைக்கு விலங்கு சொல்ல வேண்டும்.

சொன்ன விலங்கு பாட்டில் வரவேண்டும்,
பாட்டு சினிமாவில் வந்திருக்க வேண்டும்.
யாருக்கும் தெரியாவிட்டால்
சொன்னவனே பாட வேண்டும், மூன்று புள்ளி.
நான் டைம்கீப்பர்.
வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
இந்தக் கணக்கும் என் கையெழுத்துதான்.

குயிலுக்கு அரை. மயிலுக்கும் அரை.
புறாவுக்கு முக்கால்:
எத்தனை கடிதம் சுமந்தும்
கூலி கேட்ட புறா ஒன்றுகூட இல்லை.
கழுதை திட்டுவதற்கு மட்டும் வரும்.
ஒட்டகம் தடை.
சொன்னால் நாற்பது பேரும் ஒரே பாட்டைப் பிடிப்பார்கள்,
டிரைவர் கனகசபைக்கு
வலது காது ஏற்கெனவே மந்தம்.

மானுக்கு ஒன்று. ஆனால்
கண்ணை மட்டும் பாடி மானை விட்டால் பூஜ்யம்.
இதில்தான் ஒருநாள் முழுக்கச் சண்டை.
"கண்ணு இருந்தா மான் இருக்காதா?"
என்றார் ரிக்கர் பாக்கியநாதன்.
"என் பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருக்கு,
நான் அங்கயா இருக்கேன்?"
என்றான் வெல்டர் ஜெகபர்.
பூஜ்யத்தை நான் மாற்றவில்லை.

அக்டோபரில் ஒரு விடியலில்
சொட்டு பரஞ்சோதி மேல் விழுந்தது.
சாரக்கட்டு ஹெல்ப்பர், எட்டாம் அறை,
வந்து பதினோரு நாள்,
உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தவன்.
முழங்கையைச் சொறிந்துகொண்டே சொன்னான்:
"மூட்டைப்பூச்சி."

அது விலங்கா என்று எழுந்தது கூச்சல்.
ரத்தம் இருக்கிறதே என்றான் ஜெகபர்.
அது உன் ரத்தம் என்றார் பாக்கியநாதன்.
பிறகு எல்லாரும் தேடினார்கள்
அவரவர் பார்த்த படங்களுக்குள்.
இருட்டில் எரிவாயுச் சுடர் தெரிகிறவரை
பஸ்ஸில் ஒரு சத்தமில்லை.

பரஞ்சோதி எழுந்தான்.
மேல்கம்பியை ஒரு கையால் பிடித்து,
மறு கையால் சாப்பாட்டு கேரியரைத் தட்டி,

"மூட்டைப்பூச்சியே, முதலாளிப்பூச்சியே,
ராத்திரி ஷிஃப்டுக்கு உனக்கு
எவன்டா ஓவர்டைம் தந்தான்?"

மெட்டு எங்கேயோ கேட்டது போலவும் இருந்தது,
எங்கும் கேட்காதது போலவும் இருந்தது.
"தந்தா"வுக்கும் "ன்"னுக்கும் நடுவே ஒரு நிறுத்தம்,
அதில் கேரியர் இரண்டு அடி வாங்கியது.

"எந்தப் படம்?" என்றேன், பேனாவைத் திறந்து.
முகத்தில் ஒரு சலனமில்லை.
"இன்னும் ரிலீசாகல சார்."

மூன்று போட்டேன்.

ஷட்டவுன் வேலை முடிந்தது.
பரஞ்சோதியை வேறு கான்ட்ராக்டர்
ஜுபைலுக்குக் கொண்டுபோனான்.
எட்டாம் அறைக்கு இரண்டு தடவை மருந்தடித்தார்கள்.
பாட்டு சாகவில்லை.
கக்கூஸ் வரிசையில் இருந்தது, மெஸ்ஸில் இருந்தது,
அதற்கொரு சரணமும் முளைத்திருந்தது.
அதில் எங்கள் சூப்பர்வைசர் பெயர் வருவதால்
ஜெகபர்மேல் எனக்குச் சந்தேகம்.

பிப்ரவரியில் புது ஆட்கள்.
சொட்டு பாக்கியநாதன் மேல் விழுந்தது,
வேண்டுமென்றே சொன்னார் மூட்டைப்பூச்சியை.
கடைசி சீட்டிலிருந்து
மதிவாணன் என்கிற பையன் முந்திக்கொண்டான்,
நிறுத்தம் உட்பட, கேரியர் உட்பட.

"எந்தப் படம்?"

"பழைய படம் சார், கறுப்பு வெள்ளை.
பேரு நாக்குல நிக்குது.
அந்தம்மா கயித்துக்கட்டில்ல உக்காந்து பாடும்,
வெளிய மழை பெய்யும்.
எங்கப்பாவுக்கு முழுசாத் தெரியும்."

நாற்பது முகங்கள் சட்டென்று
ஜன்னல் பக்கம் திரும்பின.
வெளியே மணல்தான், வேறொன்றுமில்லை.
கொஞ்ச நேரம் கழித்து ஜெகபர் சொன்னான்:
"ஆமா. ரெண்டாவது சரணத்துல
குடை பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் வருவாரு."

மூன்று போட்டேன்.
சண்டைக்கு யாரும் வரவில்லை.

கேட்டில் பாஸ் பார்த்த நேபாளி செக்யூரிட்டி
எங்களை எண்ணிக்கொண்டே சீட்டியடித்தான்,
அதே மெட்டு.
இடையில் நிறுத்தி,
என் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு.