ஏழாவது சொல்

ஸ்விண்டனில் ஜூன் மாதத்து மழை
யாரையும் கேட்டுப் பெய்வதில்லை.
நூலக அறையின் மூலையில்
ஆறு வயதுக்கென்று செய்த நாற்காலியில்
முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.
எதிரே யதுஷா. அவள் கால்கள் தரையைத் தொடவில்லை.

நாற்பது சொற்கள்.
இருபது நிஜம்.
மற்ற இருபதுக்குப் பொருளே கிடையாது,
வேண்டுமென்றே செய்தவை.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வேற்றுக்கிரகவாசி:
மூன்று கண், பச்சைத் தோல்.
இது அதன் பெயர், வாசி, என்று சொல்லவேண்டும்.
மனப்பாடம் உதவக்கூடாது, ஊகம் உதவக்கூடாது,
எழுத்தைப் பிடித்துத்தான் ஏறவேண்டும்.

இதை நான் பழிக்கமாட்டேன்.
படத்தைப் பார்த்துச் சொல்லு என்று
நாங்களே கற்பித்த வருடங்கள் இருந்தன.
'போனி' என்று அச்சிட்டிருந்த இடத்தில்
படத்தைப் பார்த்து 'ஹார்ஸ்' என்றான் டெக்லன்.
கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினேன்.
படமில்லாத புத்தகங்கள் வந்த வயதில்
ஒரு பாடவேளைக்கு மூன்று தரம்
கழிப்பறைக்குப் போகத் தொடங்கினான்.
அந்தத் தட்டு
என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

ஆகவே ஒலி. முதலில் ஒலிதான்.

ஏழாவது சொல்.
மூன்று எழுத்தையும் விரலால் தொட்டாள்,
வாய்க்குள் உருட்டினாள், சேர்த்தாள்:
"வில்."
சரி என்று குறித்தேன்.
பக்கத்தைத் திருப்ப விடவில்லை அவள்.
"மிஸ், இவரிட்ட அம்பு எங்க?"

நான் பேசக்கூடாது. விதி.
தலையை மட்டும் ஆட்டினேன்,
ஆம் என்றும் இல்லை என்றும் பிடிகொடுக்காமல்.
நம்மவர் தலையாட்டல் இதற்கென்றே பிறந்தது.

முப்பத்தோராவது, நிஜச்சொல்.
"ஸ்டோர்க்."
ஒரு பிசிறில்லை.
இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலியாகும் இடத்தில்
பெரியவர்களே தடுக்குவார்கள், அவள் தடுக்கவில்லை.
சரி என்று குறித்தேன்.
அது என்ன என்று கேட்கத் தாளில் இடமில்லை.
கேட்காத கேள்விக்கு
அவளாகவே தோளைக் குலுக்கினாள்.

பொய்ச்சொல்லுக்கு அவளிடம் அம்புவரை இருந்தது.
நிஜச்சொல்லுக்கு ஒன்றுமில்லை.
இரண்டுக்கும் என் பேனா
ஒரே அளவு கோடுதான் போட்டது.

புதன்கிழமைக் கூட்டம்.
திரையில் நீலப் பட்டைகள், மேசையில் எலுமிச்சை கேக்.
தொண்ணூற்றொரு விழுக்காடு என்றாள் ஷார்லட்,
வாசிப்புக்குப் பொறுப்பானவள், நல்லவள்.
நான் கை தூக்கினேன்:
மதியத்துக்குப் பிறகு இருபது நிமிடம்,
தேர்வு இல்லாமல், தாள் இல்லாமல்,
பிள்ளைகளுக்கு நாம் வாசித்துக் காட்ட.
பறவைகள் வரும் புத்தகம், பாலம் வரும் புத்தகம்,
எதுவானாலும்.
"எதை எடுத்துவிட்டு?" என்றாள்.
நியாயமான கேள்வி.
கையெழுத்திலிருந்து பத்து என்றேன்.
மீதிக்கு என்னிடம் விடையில்லை.
பத்து கிடைத்தது.
கேக்கும் ஒரு துண்டு.

அன்றைக்கு, தாளை உறைக்குள் ஒட்டிய பிறகு
நடந்ததை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

நடைபாதையில் அவளை நிறுத்தி
"ஸ்டோர்க் எண்டா நாரை" என்றேன்.
நாரையும் தெரியாது.
தெரிந்த இரண்டு மொழியும் கைவிட்ட இடத்தில்,
நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் நனைந்த மழைக்கோட்டுகளுக்கும் நடுவில்,
சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒற்றைக்காலில் நின்றேன்.
கழுத்தை நீட்டினேன்.
இரண்டு கையையும் அலகாக்கி
டக டக டக என்று அடித்தேன்.
தலைமையாசிரியர் காப்பியோடு கடந்துபோனார்,
எதுவும் கேட்கவில்லை. இருபது வருடப் பழக்கம்.

"ஸ்டோர்க்," என்றாள் யதுஷா,
விரல் வைக்காமல், மெதுவாக,
தானும் ஒரு காலைத் தூக்கியபடி.

விழுந்தாள்.
வார் அவிழ்ந்திருந்தது.
கட்டிவிட்டேன்,
மறுபடி தூக்கினாள்.