வாங்குகிற கல்

தணிக்கைக்கு நான்கு நாள் இருக்கையில்
அரூர் கிளை நூலகத்தில் எனக்குத் தந்த வேலை
புத்தக ஓரங்களில் வாசகர் எழுதியதையெல்லாம்
அழித்து வைப்பது.
தினக்கூலி. ரப்பர் என் காசு.

அட்டை கரையானுக்குப் போன தொகுப்பு ஒன்று.
எழுதியவர் பெயரும் அதோடு போயிற்று.
ஏழாவது கதையில் ஒரு புளி வியாபாரி,
அவனிடம் இரண்டு இருபது கிலோ கல்:
வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று.
வாங்குகிற கல்லின் அடியில்
ஒரு கிலோ ஈயம் கூடுதலாய் ஊற்றியிருக்கும்.
அவன் செத்துப்போகிறான்.
காரியம் முடிந்த மறுநாள் அவன் பெண்டாட்டி
இரண்டு கல்லையும் கழுவி, மஞ்சள் பூசி,
அடுத்தடுத்து வைக்கிறாள்.
கடைப் பையன் கேட்கிறான்,
"எதும்மா வாங்குற கல்லு?"
அவளுக்கும் தெரியவில்லை.
கதை அங்கே நின்றுவிடுகிறது.

ஓரத்தில், கல்லூரிப் பிள்ளையின் சாய்வெழுத்து:
"கல் = மனச்சாட்சி. ஈயம் = பேராசை.
மஞ்சள் = பாவமன்னிப்பு. ஐந்து மதிப்பெண்."
சுலபமாகப் போயிற்று.

அதற்குக் கீழே குண்டு குண்டாய் வேறொருவர்:
"இரண்டையும் தராசில் எதிரெதிரே வைத்தால்
தெரிந்துவிடுமே. ஆசிரியர் கவனிக்கவில்லை."
அம்புக்குறி போட்டு இன்னொரு கை:
"கவனித்திருக்கிறார். அவள் வைக்க மாட்டாள்."

இதை அழிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது எனக்கு.

பக்கத்தின் அடியில் பேனா.
நீல மை, மறுபக்கம் தடிக்கும்படி அழுத்தி:
"சிப்பத்துக்கு மூணு தடவ அந்தக் கல்லு.
மூணு கிலோ.
பருவத்துக்கு இருவது சிப்பம்.
பதினாறு வருசம்.
மலையிலருந்து, எங்கப்பா தலையில."
பெருக்கல் குறி இருக்கிறது.
கோடு கிழித்திருக்கிறது.
கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

ரப்பரில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
தாள்தான் மெலிந்தது.
அதற்குள் மனசு தன்பாட்டில் பெருக்கிவிட்டது,
தொள்ளாயிரத்து அறுபது.

தேதிச் சீட்டில் உறுப்பினர் எண்.
பதிவேட்டைப் புரட்டினேன்:
பெ. தீர்த்தகிரி, சித்தேரி.
ஒரே ஒருமுறை எடுத்திருக்கிறார், இந்தப் புத்தகம் மட்டும்.
மூன்று நாள் தாமதம்.
அபராதம் பெறப்பட்டது என்று
சிவப்பு மையில், என் கையெழுத்தில்.
முகம் ஞாபகம் வரவில்லை.
சித்தேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று
சில்லறை வாங்காமல் ஓடிய ஒருவர் உண்டு;
அவராகவும் இருக்கலாம்.

மேசைமேல் வருகைப் பதிவேடு.
நாளுக்கு நாற்பது பேராவது வந்ததாய்க் காட்டாவிட்டால்
கிளையை மூடிவிடுவார்கள் என்று பேச்சு.
அதனால் பேனாவைச் சாய்த்து, நிமிர்த்தி,
இடது கையால் கொஞ்சம்,
மீதிப் பெயர்களை நானே போட்டுவிடுவேன்.
நல்ல காரணம்தான்.
அந்த வியாபாரிக்கும் இருந்திருக்கும்,
மகள் கல்யாணம், மண்டி வாடகை, ஏதோ ஒன்று.
கதையில் அதை எழுதவில்லை.

இன்று பங்குனி வெயில்.
செய்தித்தாளுக்கு ஆறு பேர்.
போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் நால்வர்.
மின்விசிறிக்காக மட்டும் உள்ளே வந்து
வாரப் பத்திரிகையை மடியில் வைத்தபடியே தூங்கிய
லாரி கிளீனர் ஒருவர்.
இரண்டு தடவை எண்ணினேன். பதினொன்று.

பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன்.
பன்னிரண்டாவது வரியில்
பெ. தீர்த்தகிரி என்று எழுதினேன்,
வலது கையால், என் எழுத்திலேயே.
அதற்குக் கீழே கோடு போட்டு நாளை முடித்தேன்.

தணிக்கைக்காரர் அந்தப் பக்கத்தைப் பார்த்து
இது ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டால்
பேனா மை சார், அழியவில்லை என்பேன்.
அதில் பாதி பொய்.