சாய்தளம்

சோலைவரித் துண்டில் இம்முறை
ஒரு வரி கூடியிருக்கு:
புதிய கட்டுமானம், முன்பக்கம்,
நாற்பத்திரண்டு சதுர அடி.

கட்டுமானம் இல்லைத் தம்பி.
மூண்டு படியையும் உடைச்சு
மேசன் குலவீரசிங்கம் ஊத்தின சீமெந்துச் சரிவு.
அதில ஏறித்தான் என்ர சில்லுக்கதிரை
வீட்டுக்குள்ள போகும்.

சாவகச்சேரி நகரசபை யன்னலில் விதுசன்
தலை நிமிராமல் சொன்னான்:
"கழிவு கேக்கிறதெண்டால்
வீட்டுக்காரர் நேரில வரோணும்."
"வந்திருக்கிறன்" எண்டன்.
யன்னலுக்கு மேலால எட்டிப் பார்த்தான்.
காது சிவந்து போச்சு.

நீலப் படிவம். கிராம சேவகர் கையொப்பம்,
ஆஸ்பத்திரிச் சான்று, உறுதியின் பிரதி.
ஆறாம் கேள்வி:
இயலாமை நிரந்தரமா, தற்காலிகமா?
பதினேழு வருசம்.
பேனையை மூடினன். பிறகு திறந்தன்.

வெள்ளிக்கிழமை அளக்க ஒருத்தர் வந்தார்.
மழைத் தூறல்.
நாடாவை விரிச்சுக்கொண்டு போனவர் சறுக்கி
கைபிடிக் கம்பியை எட்டிப் பிடிச்சார்.
கொஞ்ச நேரம் விடேல்ல.
பிறகு குறிப்பேட்டில எதையோ வெட்டினார்.
எதையெண்டு நான் கேக்கேல்ல.

அடுத்த காலாண்டுத் துண்டு
இன்னும் வரேல்ல.
தபால்காரன் மணி கேட்டால்
படலை வரைக்கும்
இப்ப நானே உருண்டு போறன்.