அது முடிக்குத்தானே

யீஷூன் கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில்
சாவி வெட்டுபவருக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே
பத்தரைக்கு இரும்புத் திரையை உயர்த்துகிறேன்.
சட்டையில் குத்திய பட்டையில் ‘நாயா’ என்றிருக்கும்.
தில்லைநாயகிக்குப் பட்டை போதவில்லை.

மூன்றாம் தட்டில் மீனெண்ணெய்.
கண் மட்டத்தில், இந்த மாதம் தள்ளவேண்டிய சரக்கு:
ஈவ்னிங் பிரிம்ரோஸ், மக்கா வேர்ப்பொடி,
‘சமநிலை’ என்று பெயர் வைத்த ஊதா டப்பா.
இரண்டு வாங்கினால் மூன்றாவது பாதி விலை.
எதற்கும் எதற்கும் நடுவே சமநிலை என்று
டப்பா சொல்வதில்லை.
பதினோரு வருடமாக நானும் கேட்டதில்லை.

நாற்பத்தெட்டு வயதில்
எனக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக்
கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
டிசம்பர் மழையில் பேருந்துக்குள் எல்லோரும்
கைகளைக் கட்டிக்கொண்டு குறுக
என் முதுகில் வியர்வை இறங்கும்.
பேரங்காடியில் உறைந்த இறால் பெட்டியைத் திறந்து
விலை பார்ப்பவள்போல் நிற்பேன்
நெடுநேரம்
இறால் வாங்காமல்.

சீப்பில் முடி. குளியலறைச் சல்லடையில் முடி.
விடிகாலை மூன்றுக்கு நெஞ்சு மட்டும்
பன்னிரண்டு மாடி ஏறி ஓடும்;
நான் படுத்தே இருப்பேன்.
ஊழியர் கழிவு உண்டே என்று
என் கடைக்கு நானே வாடிக்கையாளர் ஆனேன்.

பலதுறை மருந்தகத்தில் இரத்தம் எடுத்தார்கள்.
தைராய்டு தறிகெட்டு ஓடுகிறது என்றது தாள்.
அன்றிரவு கண்ணாடியில் பார்த்தேன்,
விழிகள் பிதுங்கியிருக்கின்றனவா என்று.
பிதுங்கித்தான் இருந்தன, நான் பார்த்த பார்வையில்.
தேசிய சேவை முகாமில் இருக்கும் மகனிடம் சொல்லவில்லை.
அவரிடம் சொன்னேன்.
“உப்பைக் குறை” என்றார்.
அவருக்கு எல்லா நோயும் உப்புதான்.

டாக்டர் இயோ தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
இரண்டும் ஒட்டவில்லை போலும்.
“வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?”
இட்லி. கங்கோங். ஞாயிறானால் கோழி.
“மாத்திரை?”
ஒன்றுமில்லை.
“விட்டமின்?”
விரலால் உச்சந்தலையைக் காட்டினேன்.
பயோட்டின், பத்தாயிரம் மைக்ரோகிராம்.
அது முடிக்குத்தானே டாக்டர்.

முடிக்கென்று விழுங்கியது
முடியோடு நின்றுவிடாதாம்.
ஊசி வழியே குப்பிக்குள்ளும் கூடவே போய்
சோதிக்கும் கருவியின் காதில்
இல்லாததை ஓதுமாம்.
நான் ஒரு வாரம் நடுங்கியது
பதினெட்டு வெள்ளி வதந்திக்கு.

மாத்திரையை நிறுத்தி, மறுபடி இரத்தம் கொடுத்து,
தாளுக்குக் காத்திருந்த அந்த நாட்களில்
வேஃபர் தொழிற்சாலைச் சீருடையோடு ஒரு பெண் வந்தாள்.
கண்ணில் இரவுப்பணி.
முடி கொட்டுகிறது, எது நல்லது என்றாள்.
கை பழக்கத்தில் அந்தப் புட்டியை எடுத்துவிட்டது.
மேலே கண்காணிப்புக் கேமரா;
மாத விற்பனை இன்னும் பாதியைத் தொடவில்லை.
“கொட்டுவது ஏன் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.
இரத்தம் கொடுக்கப் போனால்
இதைச் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள்.
அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.”
அவள் என் பெயர்ப்பட்டையைப் பார்த்தாள்,
புகார் கொடுக்கவா நினைவில் வைக்கவா, தெரியவில்லை.
வாங்காமல் போனாள்.

இரண்டாவது தாளில் தைராய்டு நிரபராதி.
“அப்படியானால் இந்தச் சூடு?”
“அது உங்களுடையது” என்றார் டாக்டர் இயோ.
மாதவிலக்கு விடைபெறும் பருவம்.
தாங்க முடியாவிட்டால் வழிகள் உண்டு, பேசலாம்.
எலும்புக்காக நடங்கள்.
ஓர் அரைத்தாளில் எழுதித் தந்தார்.
அதில் ஊதா நிறம் எதுவும் இல்லை.

வெளியே மழை.
குடை இருந்தும் விரிக்காமல்
இரண்டு புளோக் தூரம் நடந்தேன்.
அடுப்பு எரிந்தது.
எரியட்டும், என் வீட்டு அடுப்புதானே.

மீதி அறுபது மாத்திரை மேசை இழுப்பறையில்.
திறக்கும்போதெல்லாம் கிலுகிலுக்கிறது.
எறிய மனம் வரவில்லை:
கழிவு போகப் பதினெட்டு வெள்ளி.