இரண்டே கால், ஜமுனாமரத்தூர்

பலகையில் பிரியாணி இருந்தது,
பரோட்டா, சில்லி சிக்கன்கூட.
அடுப்பிலிருந்து திரும்பாமலே தீர்த்தம்மா சொன்னாள்:
"அது பெயின்டர் எழுதினது.
சாமைச்சோறு, மொச்சக்கொழம்பு.
குந்துங்க."

ஆலங்காயம் பஸ் ஹாரன் அடித்தது.
பாதி எழுந்துவிட்டேன்.
எதிர் பெஞ்சில் ஒரு காக்கிச்சட்டை
ரசத்துக்குக் குழி பறித்தபடி,
"கிளீனர் பையன் சும்மா அடிக்கிறான்.
டிரைவர் நான்தான்."

அப்புறம் நிதானமாய்ச் சாப்பிட்டேன்.
மொச்சை நாக்கில் மாவாய் உடைந்தது.
முட்டை கேட்டேன்.
பின்னால் ஒரு கோழி கொக்கரித்து ஓய்ந்தது;
கொஞ்ச நேரத்தில் ஆம்லெட் வந்தது,
மிளகு அதிகம்.

கணக்கெல்லாம் சுவரில், கரிக்கோட்டில்:
ஃபாரஸ்ட் கார்டு, ரெண்டு வாத்தியார்,
கடைசியில் வெறுமனே 'பஸ்ஸு'.
என் நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லை.
"மீதிய
திரும்பி வரசொல்ல துன்னுக்கலாம்."

பன்னிரண்டாவது வளைவில் காது அடைத்தது.
மேலே, மலையில்,
எனக்கு இன்னும்
முப்பது ரூபாய்ச் சோறு இருக்கிறது.