பன்னிரண்டாவது வைஸ்

ஆ சியோங் தராசில் ஏற்றினான். முப்பத்தொரு கிலோ.
கிலோ ஒரு வெள்ளி இருபது காசு.
"வாய் திறக்காது பாஸ், இரும்பு விலைதான்."
முப்பத்தேழு வெள்ளி இருபது காசில்
இருபது காசைத் தள்ளிவிட்டான்,
பெரிய வள்ளல்.

கப்சாயின் நடுவில் இருத்தி
இரண்டு முழங்காலாலும் கவ்விக்கொண்டு
பாடாங் செராய் சமிக்ஞை விளக்கில் நின்றேன்,
வைஸுக்கு நான் வைஸாக.
பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி
ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

தவமலர் கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"பதினொண்ணு இருக்கு. வேற எதுவுமே பிடிக்காதா?"
பிடிக்கிறதுதான் பிடிக்கும் என்றேன்.
சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம்
ஒரே சிலேடையை இறுக்கினால்
அதன் பல்லும் தேயத்தான் செய்யும்.

என் வேலை கையுறைத் தொழிற்சாலையில், ராத்திரி ஷிப்ட்.
சங்கிலியில் தொங்கியபடி பீங்கான் கைகள் வரும்,
பாலில் முங்கும், அடுப்புக்குள் போகும்,
உரித்ததும் மறுபடி வரும்.
விடிவதற்குள் எத்தனை ஆயிரம் என்று எண்ணியதில்லை.
விரல் விரித்த கைகள். எதையும் பிடித்தறியாதவை.
காலையில் வீடு வந்து
கார் நிறுத்துமிடத்தில் இவற்றைப் பார்த்தால்தான்
தூக்கம் வரும்.

பச்சைச் சாயம், அதற்கடியில் சாம்பல், அதற்கடியில் சிவப்பு.
சுரண்டச் சுரண்ட
ஏதோ ஒரு தோட்டத்துப் பெயரின் பின்பாதி வந்தது.
கூட வேலை செய்யும் ரோஸ்லி இதை ராகும் என்பான்.
மலாயில் அப்படித்தான்.
என் காதில் ராகு என்றே விழும்.
நிலவைக் கவ்வினாலும் ராகு
ஒரே ராத்திரிக்குள் துப்பிவிடும்.
இதுவோ தாடையை மூடி எத்தனை வருடமோ.

குழாயைக் கைப்பிடியில் செருகித் தொங்கலாம்.
தொங்கி ஒரு திருகை முறித்தவன் நான்,
ஐந்தாவது வைஸில். அதைச் சொல்ல வெட்கம்.
அதனால் இந்த முறை
சிவப்பு வாளி, சலவைச் சோடா, லோரி பேட்டரி சார்ஜர்,
எதிரே பலிக்கு ஒரு முறுக்குக் கம்பி.
மைனஸ் வைஸில். மாற்றிப் பூட்டினால்
வைஸே கரைந்துபோகும்.
குமிழி கிளம்பியது. மூன்றாம் நாள்
ஆரஞ்சு நுரை வழிந்து
தவமலரின் கறிவேப்பிலைச் செடிவரை போனது.
அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.
பேச்சே இல்லை.

பதிமூன்றாம் நாள்
கைப்பிடி கால் சுற்று அசைந்தது.
பன்றி உறுமியதுபோல் ஒரு சத்தம்.
பின்னுக்கு, முன்னுக்கு, பின்னுக்கு.
கொஞ்சம் எண்ணெய். மறுபடி.
தாடை விலகியதும்
தரையில் கிணிங்கென்று விழுந்தது
ஒரு பித்தளைச் சாவி.

பாதிச் சாவி.
மூன்று பல் அராவி முடித்திருந்தது.
மீதி இடத்தில் ஊசிக்கீறலாய்
இரண்டு கோடு மட்டும்.
அரத்தின் தடம் சாய்ந்த விதம் பார்த்தால்
இடக்கைக்காரன்.
ஸ்டோர் பூட்டோ, கிராணி வீட்டு அலமாரியோ,
தன் வீட்டுப் பூட்டுதானோ, தொலைத்துவிட்டு
அவசரமாய்ச் செய்தானோ.
திருட்டுச் சாவி என்கிறான் ரோஸ்லி.
திருடன் அளவு பார்த்துக் கோடு போடுவானா,
இவ்வளவு நேராக?

யாரோ வந்திருக்க வேண்டும்.
இறுக்கி மூடி, மேலே சாக்கைப் போட்டு
சும்மா நின்றிருப்பான்.
அப்புறம் திறக்கவே இல்லை.
ஏன் என்று கேட்க
வைஸிடம் ஒரே ஒரு வாய்தான் இருந்தது;
அதையும் திறந்தாயிற்று.

தவமலர் வந்து குனிந்து எடுத்தாள்.
பதிமூன்று நாளில் முதல் தடவை என் பக்கத்தில்.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஸ்ஸ்" என்று கையை உதறினாள்.
மூன்றாம் பல்லின் ஓரத்தில்
அவன் தட்டிவிட மறந்த பிசிறு.
பித்தளைக்குத் துரு இல்லை.
அன்றைக்கு இருந்த கூர்மை அப்படியே.

பெருவிரலில் ஒரு சொட்டு.
"மீதி ரெண்டையும் அராவுங்க" என்றாள்.
எந்தப் பூட்டுக்கு என்றேன்.
"முதல்ல அராவுங்க."